வரையக் கற்றுக்கொள்ள 5,710 வெள்ளி தொலைத்த கதை

எனக்கு வேலையே கணக்குப் பார்ப்பதுதான். பினாங்கு ஜார்ஜ்டவுனில் லெபோ பந்தாய்த் தெருப் பக்கம் சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் 16 வருடமாகக் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். அதனால் படம் வரையப் பழகுகிறேன் என்று கிளம்பி எவ்வளவு தொலைத்தேன் என்பதைச் சரியாகவே சொல்ல முடியும்: 5,710 வெள்ளி, அதாவது மலேசிய ரிங்கிட். வகுப்புக்கு 2,160, திரையோடு வரும் டேப்லட் ஒன்றுக்கு 1,790, இணையத்தில் வாங்கிய மூன்று பாடங்களுக்கு 640, பென்சில், மார்க்கர், ஸ்கெட்ச் புத்தகம் என்று கண்ட கண்ட சாமான்களுக்கு 780, கடைசியில் மணிக்கட்டு வலிக்கு பிசியோதெரபி 340. இதெல்லாம் 11 மாதத்தில். அந்த 11 மாதமும் முடிந்தபோது என் அம்மா வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பதை என்னால் ஒரு தாளில் வரைய முடியவில்லை. யாராவது முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாதிப் பணமாவது மிஞ்சியிருக்கும். எனக்குச் சொல்ல ஆள் இல்லை, அதனால் நான் சொல்கிறேன்.

2024 மே மாதம் நம் ஊழியர் சேமநிதியான இபிஎஃப்பில் மூன்றாவது கணக்கு ஒன்றைத் திறந்துவிட்டார்கள் அல்லவா, 50 வெள்ளியிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று? ஊரே எடுத்தது, நானும் எடுத்தேன். மகன் பாலிடெக்னிக் விடுதிக்குப் போய்விட்டான். பட்டர்வொர்த் வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில், கரும்பலகையில் செம்பருத்திப் பூவை அறுத்தாற்போல வரைந்து பாகம் குறிக்க வேண்டும் என்றால் ஆசிரியை என்னைத்தான் கூப்பிடுவார். அந்த ஒரு பெருமை 30 வருடமாக உள்ளே ஊறிக்கிடந்திருக்கிறது. ‘எனக்குக் கை வரும், நேரம்தான் இல்லை’ என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். நேரம் வந்தது, பணமும் வந்தது. இனி என்ன?

ஒரு கடைவீட்டு மாடியில் வகுப்பு. சனிக்கிழமை தோறும் ஒன்றரை மணி நேரம், வகுப்புக்கு 90 வெள்ளி, 24 வகுப்புக்கு மொத்தமாக முன்பணம். ரொக்கமாகக் கொடுத்தேன். ரசீது கேட்கவில்லை. கம்பெனியில் 12 வெள்ளிப் பார்க்கிங் பில்லுக்குக்கூட ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதவள் நான். அங்கே சுவரில் மாட்டியிருந்த படங்களைப் பார்த்து மயங்கி நின்றேன். அத்தனையும் போட்டோ மாதிரியே இருந்தன. அப்போதே ஒன்று உறைத்திருக்க வேண்டும். 15 பேர் வரைந்த படங்கள், ஆனால் எல்லாம் ஒரே கை வரைந்த மாதிரி. காரணம், ஒரே கைதான். கடைசி அரை மணி நேரத்தில் ஆசிரியர் ஒவ்வொரு மேசையாக வந்து நம் பென்சிலை வாங்கி, கண், மூக்கு எல்லாவற்றையும் ‘கொஞ்சம் சரி’ செய்துவிட்டுப் போவார். எந்த வகுப்பிலும் சேரும் முன் மாணவர் படங்களைப் பாருங்கள். முதல் மாதப் படமும் ஆறாவது மாதப் படமும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கோணல் மாணலாக ஒன்று கூட இல்லாத வகுப்பில் யாரும் கற்றுக்கொள்ளவில்லை என்று பொருள்.

அங்கே சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: புகைப்படத்தின் மேல் கட்டம் போடுவது, தாளிலும் அதே கட்டம் போடுவது, ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து நிரப்புவது. கட்டம் போடுவது தப்பே இல்லை. சின்னப் படத்தைச் சுவரளவுக்குப் பெரிதாக்க ஓவியர்கள் நூற்றாண்டுகளாகச் செய்துவரும் முறை அது. நான் வேறு எதையுமே கற்கவில்லை என்பதுதான் கோளாறு. எட்டு வாரத்தில் ஒரு புலியை முடித்தேன். மீசை மயிர் ஒவ்வொன்றும் தெரியும். 110 வெள்ளிக்குச் சட்டம் போட்டு (இது மேலே உள்ள கணக்கில் இல்லை, வெட்கப்பட்டு விட்டுவிட்டேன்) கூடத்தில் மாட்டினேன். வந்தவர் போனவர் எல்லாம் வாயைப் பிளந்தார்கள். அப்புறம் ஒரு பிறந்தநாள் விருந்து. என் சின்னம்மா மகள் ஒரு தாளையும் பென்சிலையும் நீட்டி, “அக்கா, பாப்பாவ அப்படியே ஒன்னு வரைஞ்சி குடுங்களேன், ஆல்பத்துல வச்சிக்கிறேன்” என்றாள். ஐந்து வயதுக் குழந்தை எதிரே அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. சுற்றிலும் 20 பேர். எனக்கு எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. குழந்தையின் முகத்தில் கட்டம் இல்லையே. 10 நிமிடத்தில் நான் வரைந்த முகத்தைப் பார்த்துவிட்டு பாப்பா அழவில்லை, சிரித்தது. அம்மாதான், “இது யாரு, நம்ம பக்கத்து வீட்டுப் பாட்டியா?” என்று கேட்டார். குளியலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

சரி, இன்னும் நன்றாகப் பழகுவோம் என்று மறுபடியும் வகுப்புக்குப் போனேன். 11 வகுப்பு முடிந்திருந்தது. தீபாவளி விடுமுறை கழித்துப் போனால் கதவில் பூட்டு. வாட்ஸ்அப் குழுவில் யாரும் பதில் சொல்லவில்லை. அடுத்த வாரம் குழுவே இல்லை. மிச்சம் 13 வகுப்பு, 1,170 வெள்ளி. இந்த இடத்தில் ஒரு செய்தி. நம் நாட்டில் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் என்று ஒன்று இருக்கிறது. 50,000 வெள்ளி வரைக்குமான புகாரை ஐந்தே வெள்ளி கட்டிப் பதியலாம், வழக்கறிஞர் வேண்டாம், மூன்று ஆண்டுக்குள் பதிந்தால் போதும். இது எனக்கு மிகவும் பிந்தித்தான் தெரிந்தது. தெரிந்தபோது கையில் ரசீதும் இல்லை, அந்த ஆசிரியரின் முழுப் பெயரும் இல்லை, மனசில் தெம்பும் இல்லை. ஆகவே, எந்த வகுப்பானாலும் மாதா மாதம் கட்டுங்கள், வங்கி வழியாகக் கட்டுங்கள். தள்ளுபடி தருகிறேன், மொத்தமாகக் கொடுங்கள் என்றால் அந்தத் தள்ளுபடிதான் தூண்டிலில் இருக்கும் புழு.

அடுத்தது டேப்லட். வருடக் கடைசி விற்பனையில் வாங்கினேன். தப்பு டேப்லட்டின் மீது இல்லை. அதை வைத்துத் தொழில் செய்பவர்கள் எத்தனையோ பேர். நான் வாங்கிய காரணம்தான் தப்பு. கை வராததற்குக் கருவி இல்லாததுதான் காரணம் என்று நம்பினேன். அதில் ஒரு பொத்தானை அழுத்தினால் போட்ட கோடு மறைந்துவிடும். ஒரு கன்னத்து வளைவுக்கு 40 முறை போட்டு 40 முறை மறைத்திருக்கிறேன். இதில் எனக்கு ஒரு குடும்ப வேடிக்கையும் உண்டு. என் தாத்தா கெடா மாநில ரப்பர் தோட்டத்தில் காலமெல்லாம் பால்மரம் சீவியவர். பேத்தி வாழ்நாள் முழுவதும் செய்தது ரப்பரால் அழிப்பது. பென்சிலில் இருந்த அந்தப் பழக்கத்தைத்தான் 1,790 வெள்ளி கொடுத்து மின்சாரத்தில் தொடர்ந்தேன். ஒரு கோட்டை அழித்துவிட்டு அதே இடத்தில் போடும் அடுத்த கோடு பெரும்பாலும் அதே தப்போடுதான் வரும், ஏனென்றால் எங்கே தப்பினோம் என்பதற்கான சாட்சியை நாமே அழித்துவிட்டோம். தப்பான கோட்டை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் சரியான கோட்டைப் போட்டால், இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம்தான் பாடம்.

பிப்ரவரியில் மணிக்கட்டு வீங்கியது. இரவில் இரண்டு மணி வரை பேனாவை இறுக்கிப் பிடித்து, விரலும் மணிக்கட்டும் மட்டும் அசைய, இரண்டு விரற்கடை அகலத்துக்குள் கோடு போட்டுக்கொண்டிருந்ததன் பலன். பிசியோதெரபிக்கு நான்கு தடவை போனேன், ஆறு வாரம் எதுவும் வரையக்கூடாது என்றார்கள். நீளமான கோட்டைத் தோளிலிருந்து போட வேண்டும், சின்ன நுணுக்கத்துக்கு மட்டும் மணிக்கட்டு என்பது அதற்கப்புறம் தெரிந்தது. அரைத்த மாவை வழித்துப் பெரிய தோசை வார்க்கும்போது கை எப்படிப் போகிறது என்று கவனியுங்கள். மணிக்கட்டால் யாரும் தோசை வார்ப்பதில்லை. வலி வந்தால் அன்றோடு நிறுத்துங்கள். வீராப்பு காட்டிய மூன்று வாரம்தான் என்னை ஆறு வாரம் படுக்கவைத்தது.

திருப்பம் என்று சொல்லும்படி ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. ஏப்ரலில் ஒரு நாள் வேலை முடிந்து ஜார்ஜ்டவுனிலிருந்து பட்டர்வொர்த்துக்கு ஃபெரியில் திரும்பிக்கொண்டிருந்தேன். கைபேசியில் பேட்டரி தீர்ந்துவிட்டது. எதிர் வரிசையில் ஒரு மலாய்க்காரப் பெரியவர் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டை மடியில் வைத்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். கைப்பையில் இருந்தது ஒரு பால்பாயிண்ட் பேனாவும், தேவையில்லாத டெலிவரி ஆர்டர் தாளும். சும்மா வரைந்தேன். அழிக்க முடியாது. கரை வருவதற்குள் முடிக்க வேண்டும், பத்துப் பதினைந்து நிமிடம்தான். வீட்டுக்கு வந்து பார்த்தால் கை ஒரு பக்கம், தலை ஒரு பக்கம். ஆனால் அவர் தூங்குகிறார் என்பது தெரிந்தது. என் கூடத்துப் புலி நிற்கிறதா, வருகிறதா, போகிறதா என்று எட்டு வாரம் வரைந்த எனக்கே இன்று வரை தெரியாது.

மறுநாளும் வரைந்தேன். போக 10 நிமிடம், வர 10 நிமிடம், மாதம் 22 வேலை நாள். 440 நிமிடம், ஏழு மணி நேரத்துக்கு மேல். செலவு, ஒரு கட்டு ஏ4 தாளும் பேனாவும். நான் 2,160 வெள்ளி கொடுத்து 11 சனிக்கிழமையில் வாங்கிய நேரம் பதினாறரை மணி நேரம்தான், அதிலும் பாதி கட்டம் போடுவதில் போய்விட்டது. ஃபெரி இல்லாதவர்களுக்கு கிளினிக் வரிசை இருக்கிறது, ரயில் இருக்கிறது, பிள்ளையை டியூஷனில் விட்டுக் காத்திருக்கும் நேரம் இருக்கிறது. ஆள் எப்போது எழுந்து போவார் என்று தெரியாதபோதுதான் முதலில் எதைப் பிடிக்க வேண்டும் என்று கண் பழகுகிறது. முதலில் முதுகு வளைவு, தலை சாய்ந்த பக்கம், உடல் எடை எங்கே இறங்குகிறது என்பது. சட்டைப் பொத்தான் கடைசியில், நேரம் இருந்தால்.

ஆனால் வேகம் மட்டும் வந்தது, சரியாக வரவில்லை. அங்கேதான் என் தொழில் கைகொடுத்தது. மாதக் கடைசியில் வங்கி அறிக்கையையும் எங்கள் புத்தகத்தையும் வரி வரியாக ஒத்துப் பார்ப்பேன். எந்தத் தொகை தப்பு என்று ஒரு பக்கத்தை மட்டும் உற்றுப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும். வரைவதும் அதேதான் என்று உறைத்த அன்று எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. கையை முழுதாக நீட்டி, முழங்கையை மடக்காமல், ஒரு கண்ணை மூடி, பென்சிலின் நுனியை ஆளின் உச்சந்தலைக்கும் கட்டைவிரலை முகவாய்க்கும் வைத்துக்கொள்வது. அது ஒரு தலை. அப்புறம் அந்த அளவால் எண்ணுவது. நிற்கும் பெரியவர் ஒருவருக்கு ஏறத்தாழ ஏழரைத் தலை உயரம் என்பார்கள். கூன் விழுந்த என் அம்மாவுக்கு ஆறே கால்தான் வந்தது, மூன்று முறை அளந்தேன். கண் முகத்தின் மேல் பகுதியில் இருக்கிறது என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். உச்சியிலிருந்து முகவாய் வரை அளந்து பாருங்கள், சரி பாதியில் இருக்கும். பிறந்தநாள் விருந்தில் பாப்பாவைப் பாட்டியாக்கியது அந்த ஒரு தப்புதான். அதுவும் குழந்தைக்கு நெற்றி இன்னும் பெரிது, கண் பாதிக்கும் கீழே. நான் கண்ணை மேலே தூக்கி, கன்னத்தை நீட்டி, 60 வயது கூட்டிவிட்டேன்.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியா. குயின் தெரு மகாமாரியம்மன் கோயில் 1833-ஆம் ஆண்டிலிருந்து அங்கே நிற்கிறது. நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், ஆனால் அதன் கோபுரத்தில் ஒரு கோட்டைக்கூடப் பார்த்ததில்லை என்று வரைய உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. முதல் தடவை பொம்மைகளை ஒவ்வொன்றாகப் போடத் தொடங்கி இரண்டாவது நிலையிலேயே தாள் தீர்ந்துவிட்டது. கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். பொம்மைகள் மறைந்து, வெயில் பட்ட இடம், நிழல் விழுந்த இடம் என்று இரண்டே மிஞ்சும். அதை முதலில் போட்டால் பொம்மைகள் தானாக வந்து உட்காரும். இதற்கு நேரமும் முக்கியம். பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவதே பகல் ஒரு மணி தாண்டித்தான். 11 மணியிலிருந்து மூன்று மணி வரை வெயில் தலைக்கு மேலே நிற்கும், சுவரில் நல்ல நிழல் கிடையாது, நமக்கும் மயக்கம் வரும். காலை எட்டரையிலிருந்து பத்து, இல்லையென்றால் மாலை ஐந்துக்கு மேல்.

கடைவீடுகளின் முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதை, நம் பெரியவர்கள் அஞ்சடி என்பார்களே, அதைவிட நல்ல பாடப் புத்தகம் எனக்குக் கிடைக்கவில்லை. இணையத்தில் 640 வெள்ளிக்குப் படித்தும் புரியாத ஆழக் கணக்கு, தூண் வரிசைக்கு நடுவே ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்த முதல் நாள் புரிந்தது. நம் கண் மட்டத்துக்கு மேலே உள்ள கோடெல்லாம் தூரம் போகப் போகக் கீழே இறங்குகிறது, கீழே உள்ள தரைக் கோடெல்லாம் மேலே ஏறுகிறது, எல்லாம் ஒரே புள்ளிக்குப் போகின்றன. எழுந்து நின்றால் அந்தப் புள்ளியும் எழுந்து நிற்கிறது. உட்கார்ந்தால் கூடவே உட்காருகிறது. நான்கைந்து தடவை எழுந்து உட்கார்ந்து பார்த்தேன். எதிரே மாலை கட்டும் பையன், “என்னாக்கா, தோப்புக்கரணமா?” என்று கேட்டான். அவனையும் வரைந்திருக்கிறேன், கேட்டுவிட்டுத்தான். தெருவில் ஆளை வரையும்போது பார்வை சந்தித்துவிட்டால் தாளைத் திருப்பிக் காட்டிச் சிரித்துவிடுங்கள், மறைத்தால்தான் சந்தேகம் வரும்.

2012-இல் எர்னஸ்ட் ஜகாரேவிச் வரைந்த லெபோ ஆர்மேனியன் சுவர்ச் சித்திரத்தில் நிஜச் சைக்கிள் ஒன்றைப் பதித்திருக்கிறார்கள் அல்லவா, அதன் முன்னால் ஒரு பயிற்சி செய்தேன். முந்தின நாள் இரவு வீட்டில் நினைவிலிருந்தே ஒரு சைக்கிளை வரைந்துகொண்டு போனேன். என் சைக்கிளில் முன்சக்கரம் திரும்பவே முடியாது, சட்டத்தை நேராக முன்சக்கரத்தின் நடுவிலேயே இணைத்திருந்தேன். தினமும் பார்க்கும் பொருள்! முதலில் நினைவிலிருந்து வரைவது, அப்புறம் பார்த்து வரைவது, இரண்டையும் ஒத்துப் பார்ப்பது. நமக்கு எது தெரியாது என்பதை இதைவிட மலிவாகக் காட்டும் வழி இல்லை.

கடைசியாக, தப்புக் கணக்குப் புத்தகம். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வரி: தேதி, என்ன, எத்தனை நிமிடம், எங்கே தப்பு. ‘நன்றாக வரவில்லை’ என்று எழுதக்கூடாது, ‘தலை பெரிது’ என்று எழுத வேண்டும். 60 வரி சேர்ந்ததும் கூட்டிப் பார்த்தேன். ஆயிரம் தப்பு செய்கிறேன் என்று நினைத்திருந்தேன். பார்த்தால் மூன்றே தப்பைத்தான் திரும்பத் திரும்பச் செய்திருக்கிறேன். தலை பெரிதாகப் போகிறது. தாளின் ஓரத்தில் இடம் போதாமல் கால் நசுங்குகிறது. நேராக நிற்க வேண்டியதெல்லாம் வலப்பக்கம் சாய்கிறது. சாய்வதற்குக் காரணம் என் கையே இல்லை, தாளை மடியில் படுக்கவைத்துச் சரிவாகப் பார்த்து வரைந்ததுதான். ஒரு அட்டைப் பலகையில் கிளிப் போட்டுத் தாளை நிமிர்த்திப் பிடித்தேன், பாதி சரியானது. இதை 11 மாதத்தில் ஒருவரும் சொல்லவில்லை, ஏனென்றால் நான் எல்லோரிடமும் ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டேன். அதற்கு யாரும் ‘அழகா இருக்கு’ என்றுதான் சொல்வார்கள். ‘இதில் எது கோணலா இருக்கு?’ என்று கேளுங்கள். கேட்க ஆள் இல்லையென்றால் படத்தைக் கண்ணாடியில் காட்டிப் பாருங்கள், சாய்வு பளிச்சென்று தெரியும்.

பினாங்கில் தெருவில் உட்கார்ந்து வரையும் கூட்டம் ஒன்று இருப்பது அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. அர்பன் ஸ்கெட்ச்சர்ஸ் என்று 2007-இல் அமெரிக்காவின் சியாட்டலில் ஒரு பத்திரிகை ஓவியர் தொடங்கியது, இப்போது உலகம் முழுக்கக் கிளைகள். சேர்ந்து வரைந்துவிட்டுக் கடைசியில் எல்லோரும் புத்தகத்தைத் தரையில் பரப்பி வைப்பார்கள். ஒரே கட்டடம் எத்தனை விதமாக, எத்தனை கோணலோடு இருக்கிறது என்று பார்த்த அன்று நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. காசும் கேட்கவில்லை.

சாமான் விஷயம் சுருக்கமாக: பிள்ளைகள் பரீட்சைக்கு வைத்திருக்கும் 2பி பென்சில் போதும், சாதாரண 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் போதும். விலையுயர்ந்த தாளில் கை நடுங்கும். நம் ஊர் ஈரத்துக்கு அலமாரியில் வைத்த என் நல்ல புத்தகங்கள் இரண்டு பூசணம் பிடித்துப் புள்ளி புள்ளியாகிவிட்டன. மூடியுள்ள டப்பாவில், செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா பொட்டலத்தோடு வையுங்கள். டேப்லட்டை 850 வெள்ளிக்கு விற்றுவிட்டேன். ஆக நிகர நஷ்டம் 4,860. புலி இன்னும் கூடத்தில்தான் இருக்கிறது, அம்மா எடுக்க விடமாட்டேன் என்கிறார்.

போன மாதம் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது வரைந்தேன், 20 நிமிடம், பேனாவில். காட்டினேன். வெகு நேரம் பார்த்தார். “எல்லாம் சரி, மூக்குத்திய ஏன்டி இந்தப் பக்கம் போட்டிருக்க? எனக்கு அந்தப் பக்கம்ல?” என்றார். எனக்குத் திக்கென்றது. திரும்பத் திரும்ப அவர் முகத்தையும் தாளையும் ஒத்துப் பார்த்தேன். நான் போட்டது சரிதான். 74 வருடமாக அவர் தன்னைப் பார்த்தது கண்ணாடியில் அல்லவா. சொன்னால் நம்பவில்லை. தாளைப் பிடுங்கிக்கொண்டு பீரோ கண்ணாடி முன்னால் போய், முகத்துக்குப் பக்கத்தில் பிடித்து நின்றார். கண்ணாடிக்குள் மூக்குத்தி இரண்டும் ஒரே பக்கத்துக்குப் போயின. “ம்… சரிதான்,” என்றார். அப்புறம் கொஞ்சம் குனிந்து பார்த்துவிட்டு, “ஆனா கழுத்து இவ்ளோ குட்டையா எனக்கு?” என்றார்.

அளந்து பார்த்தேன். குட்டையாகத்தான் போட்டிருந்தேன். புத்தகத்தை எடுத்து எழுதிக்கொண்டேன்: அம்மா, 20 நிமிடம், கழுத்து.